மரம் விழுந்த பின் ஆள் கேட்கும் ஊர்

எங்கள் ஊர் இந்த வருஷம் மாநகராட்சி ஆனது. அதைக் கொண்டாட ஒரு வீடியோ எடுத்திருக்கிறார்கள். சித்தி மகன் குடும்பக் குழுவில் அனுப்பியிருந்தான். வானத்திலிருந்து எடுத்த மலை, பனி, வரிசையாக ஹோட்டல்கள், புதுப் பேருந்து நிலையம், பின்னால் ஒரு கனத்த குரல். குதிரையில் வந்த வெள்ளைக்காரக் காண்டிராக்டர் ஒருவர் இந்தக் காட்டைப் பார்த்து மயங்கி நின்றாராம், அந்த இடத்தில் ஒரு நகரத்தைக் கனவு கண்டாராம். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அவர் கனவும் காணவில்லை, கத்தரிக்காயும் காணவில்லை. ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடக் கட்டை கிடைக்கும் என்று கண்டார். அந்த வீடியோவில் மரம் இழுத்த யானைக்குப் பெயர் சொல்கிறார்கள். மரம் வெட்டிய ஆட்களுக்கு 'உழைப்பாளிகள்' என்ற ஒரு சொல்லோடு சரி.

எங்கள் ஊர் என்று சொல்கிறேனே தவிர, நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஹைதராபாத்தில்தான். பள்ளி விடுமுறையில் போவோம். குளிரில் மூக்கு ஒழுகும், சீக்கிரம் ரயிலேறிவிட வேண்டும் போலிருக்கும். அந்த ஊரை நினைத்து நான் ஏங்கியதில்லை. ஆனால் அந்த ஊர் வரலாற்றில் வீடியோக்காரர்கள் விட்டுவிட்ட ஒரு பகுதி, எங்கள் ஹப்சிகுடா வீட்டில் இத்தனை வருஷமும் நடந்துகொண்டிருந்தது. போன மாதம்தான் அது வேறு மாதிரி ஆனது. அதனால் எழுதுகிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் மழை பொய்த்த ஒரு காலத்தில் கோடாலியும் ரம்பமுமாக மலையேறியவர்கள் எங்கள் ஆட்கள். காட்டை வெட்டுவதற்குப் பகுதி பகுதியாகப் பிரிப்பார்கள். அப்படிப் பிரித்த ஒவ்வொன்றுக்கும் கூப்பு என்று பெயர். ஒண்ணாம் கூப்பை வெட்டி முடித்தால் ரெண்டாம் கூப்பு. குடிசைகளும் கூடவே நகரும். சில பேர் மட்டும் நகரவில்லை. பிள்ளை பெற்றவள், காலொடிந்தவன், கஞ்சிக் கடை போட்டவள், இப்படி ஆங்காங்கே தங்கிவிட்டவர்களால் உண்டானதுதான் அந்த ஊர். இன்றைக்கும் டவுன் பஸ்ஸில் ஏறினால் 'மூணாம் கூப்பு எறங்கு' என்றுதான் கண்டக்டர் குரல் கொடுக்கிறார். அங்கே ஒரு மரமும் கிடையாது. செல்போன் கடைகளும் ஒரு தியேட்டரும் இருக்கின்றன. கழிவுப் பலகையில் கட்டிய வேதக்கோயில்தான் பிறகு கல் கட்டடம் ஆயிற்று. ரம்ப ஆலை வந்தது, சந்தை வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, பஞ்சாயத்து நகராட்சியாயிற்று. காடு போய்விட்டது, அதை வெட்ட வந்தவர்கள் தங்கிவிட்டார்கள். அவ்வளவுதான் கதை.

ஆனால் ஒரு பழக்கமும் கூடத் தங்கிவிட்டது. பெரிய மரம் சாயும்போது தூசியும் தழையும் கிளம்பிக் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. தூசி அடங்குமுன் மேஸ்திரி ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். அவனவன் 'இருக்கேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். தமிழோ, மலையாளமோ, கன்னடமோ, அவரவர் வாயில் வருவதைச் சொல்லலாம், குரல் கேட்டால் போதும். ஒருவன் குரல் வரவில்லையென்றால் யாரும் உட்காரக் கூடாது. எல்லோரும் தழைக்குள் இறங்கித் தேட வேண்டும்.

இந்த வழக்கம் வந்ததற்குக் காரணமான சம்பவத்தை அப்பா ஒரே மாதிரிதான் சொல்வார், கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். ஒரு தடவை மரம் விழுந்தபோது ஒருவன் குரல் வரவில்லை. ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டு அவனுடைய கூட்டாளி 'அவனும் இருக்கான்' என்று சொல்லிவிட்டான். எல்லோரும் உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். அவன் அவர்களுக்குக் கூப்பிடு தூரத்தில் கிளைகளுக்கடியில் உயிரோடு கிடந்திருக்கிறான். கண்டுபிடித்தபோது உயிர் இல்லை. அதிலிருந்து ஒருவனுக்காக இன்னொருவன் பதில் சொல்லக் கூடாது என்றாயிற்று. வேலையை விட்டுப் போகிறவன் மேஸ்திரி முகத்தைப் பார்த்து 'எறங்குதேன்' என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். மலைக்காரர்களுக்குப் போவதென்றால் கீழே இறங்குவது. அப்படிச் சொல்லாமல் போனவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான் என்று கணக்கு.

செத்தவனுக்கும் அதே சொல்தான். கிளைகளை விலக்கி அவனைக் கண்டவன் மேஸ்திரியிடம் வந்து 'எறங்கிட்டான்' என்பான். 'நீ பாத்தியா?' என்று மேஸ்திரி கேட்பார். 'பாத்தேன்' என்று சொன்ன பிறகே அந்தப் பெயரைக் கூப்பிடுவது நிற்கும். காதால் கேட்டதெல்லாம் செல்லாது, கண்ணால் கண்டிருக்க வேண்டும்.

மரங்கள் தீர்ந்த பிறகும் இது நிற்கவில்லை. கூப்பிலிருந்து குடிசைக்கு வந்துவிட்டது. இடி இடித்தாலும் ஆலையில் கட்டை உருண்டாலும் ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர் யாராவது கூப்பிட ஆரம்பித்துவிடுவார். அப்பா பையனாக இருந்தபோது, இடி இடித்து ஓய்ந்ததும் தெரு முழுக்க வீட்டுக்கு வீடு 'இருக்கேன், இருக்கேன்' என்று குரல் கேட்குமாம்.

அப்பா பட்டயப் படிப்பு முடித்து, ஹைதராபாத்தில் குஷாய்குடா பக்கம் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் தீயணைப்புப் பாதுகாப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். சைரன் ஊதியதும் எல்லோரும் மைதானத்தில் கூடி ஆள் எண்ணுவதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வீட்டில் நாங்கள் நாலு பேர். அப்பா, அம்மா, நான், தம்பி. என்னைப் பெரியவள் என்பார், அவனைச் சின்னவன் என்பார். வெளியே டிரான்ஸ்பார்மர் வெடித்தால் 'ஏளா!' என்று அம்மாவுக்கு ஒரு குரல், 'பெரியவளே!' என்று எனக்கு ஒன்று, 'ஏலே சின்னவனே!' என்று அவனுக்கு ஒன்று. தம்பி குளியலறையில் சோப்பு நுரையோடு 'இருக்கேன்!' என்று அலறுவான். கீழ்வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டி முதலில் எங்களுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்தாள். பிறகு பழகிப்போய், சத்தம் கேட்டால் அவளே மாடிப்படியில் நின்று 'நேனு கூடா உன்னானண்டி', நானும் இருக்கேன் என்று தெலுங்கில் சொல்லிச் சிரிப்பாள். தீபாவளிக்கு மட்டும் விடுமுறை. என்ன சத்தம் என்று தெரிந்த சத்தத்துக்குப் பதில் வேண்டாம் என்று அப்பா சலுகை கொடுத்திருந்தார். இல்லையென்றால் ராத்திரி முழுக்கக் கத்தியே செத்திருப்போம்.

தம்பி பக்கத்தில் மல்லாபூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தான். கல்யாணமாகி அங்கேயே வீடு எடுத்துக்கொண்டான். ஆனாலும் காலையில் வேலைக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டுத்தான் போவான். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, உள்ளே எட்டிப் பார்த்து 'எறங்குதேன்ப்பா' என்பான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பெரிய காரணம் ஒன்றுமில்லை, ஆகவில்லை. அதனால் பெற்றோரோடு நான்தான் இருந்தேன். ஆனால் வீட்டின் கலகலப்பு அவன் காபி குடிக்கும் நேரம்தான்.

கொரோனா இரண்டாம் அலையில் அவன் போனான். அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தான், காய்ச்சல் வந்ததும் பெண்டாட்டிக்கும் மகளுக்கும் ஒட்டிவிடக் கூடாது என்று எங்கள் வெளி அறைக்கு வந்துவிட்டான். அப்பாவுக்கும் காய்ச்சல், உள்ளறையில் கதவைச் சாத்திப் படுக்க வைத்திருந்தோம். பகலில் ஆம்புலன்ஸ் வந்து தம்பியைக் கொண்டுபோனது. மூச்சு வாங்கியதில் அவனால் பேச முடியவில்லை. அப்பா அறைக் கதவைப் பார்த்துக் கையை மட்டும் தூக்கினான். உள்ளே இருந்தவருக்கு அது எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். கேட்டுக்கு வெளியே நிற்க ஒருவருக்குத்தான் அனுமதி. நான் போனேன். முகத்தைத் திறந்து காட்டும்படி கெஞ்சினேன். கவச உடை போட்டிருந்த ஒரு பிள்ளை, கடவுள் அவனை நன்றாக வைக்க வேண்டும், ஒரு நிமிஷம் காட்டினான். தம்பிதான்.

அப்பாவிடம் போதகர் போனில் சொன்னார், கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார் என்று. அப்பா 'சரிங்கய்யா' என்றார். அழவில்லை. அடுத்த வருஷம் அவருக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் சாவி, பிறகு தேதி, பிறகு தெரு. ஆனால் சத்தம் கேட்டால் கூப்பிடுவது மட்டும் மறக்கவில்லை. அம்மா பெயர், என் பெயர், பிறகு 'ஏலே சின்னவனே!'

பதில் வராது. கொஞ்சம் நின்று இன்னொரு தடவை கூப்பிடுவார். பிறகு எழுந்து தேட ஆரம்பிப்பார். கட்டிலுக்கு அடியில், பால்கனியில், குளியலறையில். தேடி முடிக்காமல் உட்கார மாட்டார், சாப்பிட மாட்டார். டாக்டர், அவர் போக்கிலேயே போங்கள், மகன் வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிவிடுங்கள் என்றார். சொல்லிப் பார்த்தோம். "எங்கிட்ட சொல்லிட்டுப் போவலியே" என்றார் அப்பா. டாக்டருக்கு எங்கள் ஊரைப் பற்றி என்ன தெரியும்?

எப்போதாவது ஒரு டிரான்ஸ்பார்மர் என்றால் சமாளித்திருப்போம். போன மாதம் பக்கத்து மனையில் அப்பார்ட்மென்ட் கட்ட ஆரம்பித்தார்கள். ஹைதராபாத்தில் எங்கே தோண்டினாலும் பாறைதான். மத்தியானமானால் ஒருவன் சிவப்புக் கொடியோடு தெருவில் நின்று விசில் ஊதுவான், பிறகு டமார் என்று வெடி. ஜன்னல் கண்ணாடி அதிரும். அப்பா கூப்பிடத் தொடங்குவார். தம்பி மகளுக்குக் காலை நேரக் கல்லூரி, முடிந்ததும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். இங்கேயே படித்த பிள்ளை, தமிழ் புரியும், வாயில் வருவது தெலுங்கு. "உன்னானு தாத்தா" என்பாள், இருக்கேன் என்பதைத்தான். அப்பா தலையை ஆட்டி அதை ஏற்றுக்கொள்வார். அப்புறம் அவளுடைய அப்பாவைக் கூப்பிடுவார். அந்தப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு புத்தகத்தைக் குனிந்து பார்ப்பாள்.

ஒருநாள் அவள், "அத்தை, நான்னா வாய்ஸ் மெசேஜ் என் போன்ல உந்தி. அதைப் போட்டுடலாமா? தாத்தா உட்கார்ந்துடுவார் கதா" என்றாள். அவளுடைய நான்னா, அதாவது என் தம்பி, எப்போதோ அனுப்பிய குரல் அந்தப் போனில் இருந்தது. நான் யோசித்தேன். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒருத்தனுக்குப் பதிலா இன்னொண்ணு சொல்லப்பிடாது. அதனாலதான் ஒரு மனுசன் மரத்துக்கடியில கெடந்து செத்தான்" என்றாள். அம்மா எங்கள் ஊர்க்காரி இல்லை, பாளையங்கோட்டைக்காரி. அந்த வழக்கத்தை அவள் எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எனக்கு வழி தெரிந்தேதான் இருந்தது. அவரிடம் போதகரின் வார்த்தையைச் சொன்னோம், டாக்டரின் வார்த்தையைச் சொன்னோம். ஊரின் வார்த்தையைச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான், நான்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வேண்டாம்" என்றாள்.

"கீழே விழுந்து இடுப்பு ஒடிஞ்சா என்னம்மா செய்வ?"

"நான் பிடிச்சுக்கிடுதேன்." அவள் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. "நீ சொல்லிட்டேன்னா அவிய அப்புறம் கூப்பிட மாட்டாவ. அவன் பேரை இந்த வீட்டுல வேற யாரு கூப்பிடுதா? நீ கூப்பிடுதியா, நான் கூப்பிடுதேனா? தெனமும் ஒரு வாட்டி அந்தச் சத்தம் என் காதுல விழுது. அது போதும் எனக்கு."

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. அப்பா தள்ளாடித் தள்ளாடி அலைவதைப் பார்த்துக்கொண்டு இவள் காதுக்கு இனிமை தேடுகிறாளே என்று தோன்றியது. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே உட்கார்ந்த பிறகு, நானும் அந்தச் சத்தத்துக்காகத்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்று புரிந்தது. அதனால் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

அதற்கு அடுத்த வாரம், கொடிக்காரன் விசில் ஊதிய நேரத்தில் நான் மருந்து வாங்க வெளியே போயிருந்தேன். வெடிச் சத்தம் எனக்குக் கடையில் கேட்டது. அம்மா அடுப்பில் பாலை இறக்கி வைக்கும் இடைவெளியில் அப்பா கதவைத் திறந்துகொண்டு படியிறங்கிவிட்டார். நான் திரும்பி வந்தபோது பக்கத்து மனையைச் சுற்றிக் கூட்டம். வெடித்த பாறைத் துண்டுகளுக்கு நடுவில் அப்பா முழந்தாளிட்டு, வெறுங்கையால் கற்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். வேட்டியெல்லாம் தூசி. விரல் நுனியில் ரத்தம். "ஏலே சின்னவனே, கொரல் குடுலே" என்றார். கொடிக்காரன் அவர் தோளைப் பிடித்து, "நக்கோ தாத்தா, நக்கோ" என்று, வேண்டாம், இன்னொரு வெடி பாக்கி இருக்கிறது என்று ஊர் உருதுவில் கெஞ்சிக்கொண்டிருந்தான். அப்பா அவனை நிமிர்ந்து பார்த்து, "நீயும் தேடுடே, சும்மா நிக்கியே" என்றார். அவனுக்கு என்ன புரிந்ததோ, கொடியைக் கீழே போட்டுவிட்டு அவனும் ஒரு கல்லைப் புரட்டினான்.

நான் மேலே பார்த்தேன். அம்மா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, தெருவே கேட்கும்படி, "சொல்லிரு!" என்றாள்.

தூசிக்குள் இறங்கி அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தேன். அவர் கைகளைப் பிடித்துக்கொண்டேன். என்னைத் தெரிந்தது.

"பெரியவளே, அவன் கொரல் வரல."

"அப்பா, சின்னவன் எறங்கிட்டான்."

மறதி வந்த பிறகு அவர் கண்கள் எதிலும் நிலைப்பதில்லை. அப்போது என் முகத்தில் நிலைத்தன.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்ப்பா. மொகத்தைப் பாத்தேன்."

அப்பா கையிலிருந்த கல்லை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு அவர் அழுதார். போதகர் சொன்னபோது அழாத அழுகை, இத்தனை வருஷம் கழித்து, பக்கத்து மனையில், முன்பின் தெரியாத ஆட்கள் நடுவில். நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். கொடிக்காரன் யாரையும் பக்கத்தில் விடாமல் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். அன்றைக்கு இரண்டாவது வெடியை வைக்கவில்லை.

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அம்மா வெந்நீரில் அவர் விரல்களைக் கழுவித் துணி சுற்றினாள். அவர் தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, பகலிலேயே படுத்துத் தூங்கினார்.

வீடியோவின் கடைசியில் அந்தக் கனத்த குரல், ஊரின் வரலாறு அதன் கட்டடங்களில் வாழ்கிறது என்று முடிக்கிறது. வாழட்டும். எங்கள் ஊர் எனக்குத் தெரிந்த வரையில், தூசி அடங்குமுன் ஆள் கேட்டவர்களால் ஆனது. யார் இருக்கிறார், யார் இல்லை என்று அவர்கள் ஒருநாளும் குத்துமதிப்பாகச் சொன்னதில்லை.

மறுநாள் மத்தியானம் விசில் கேட்டது. தம்பி மகள் அன்றைக்குச் சீக்கிரமே வந்திருந்தாள். நான் அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வெடித்தது. கண்ணாடி அதிர்ந்து நின்றது.

"ஏளா!" என்றார் அப்பா.

"இருக்கேன்" என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

"பெரியவளே!"

"இருக்கேன்ப்பா."

பேத்தியைக் கூப்பிட்டார். அவள் புத்தகத்தை மூடிவிட்டு, "இருக்கேன் தாத்தா" என்றாள். தமிழில் சொன்னாள். அவளே அதைக் கவனித்தாளா என்று எனக்குத் தெரியாது.

அப்பா தலையை ஆட்டினார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஆறிக்கொண்டிருந்த டீயை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார். அம்மா கையில் கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். அவர் டீயைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்த பிறகும் அங்கேயே நின்றாள், இன்னும் ஒரு பெயர் பாக்கி இருக்கிறது என்று.